கட்டுச்சோறு சுமந்த முள்ளம்பன்றி

ஒரு காட்டில் நடப்பதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது, பிள்ளைகளே. இரை தேடி நடப்பதும் பகைக்குப் பயந்து ஓடுவதும் எல்லா விலங்குகளும் செய்வதுதான். ஒரு காரியமும் இல்லாமல், மலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நடப்பதற்கு அந்தக் காட்டில் நான்கு பேர்தான் இருந்தார்கள்.

சங்கத்தின் தலைவர் கொம்பையா என்கிற வரையாடு. செங்குத்தான பாறையில் நின்று கீழே இருப்பவர்களைப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. துள்ளான் என்கிற முயலுக்கு நின்ற இடத்தில் நிற்க வராது. தேனப்பன் என்கிற நரி, தன் வேலையைப் பிறர் விரும்பிச் செய்யும்படி பேசத் தெரிந்தவன். நான்காவது, பொறையாத்தாள் என்கிற முள்ளம்பன்றி. குட்டைக் கால், கனத்த உடம்பு. மெல்லத்தான் நடப்பாள்.

அவள் சங்கத்தில் சேர்ந்தது மலைக்காக இல்லை. போன கோடையில் அவளுடைய துணை இறந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு வளைக்குள் படுத்தால் தன் முட்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை மட்டும்தான் அவளுக்குக் கேட்டது. சங்கத்தோடு நடந்தால், முன்னால் போகிறவர்களின் பேச்சு காற்றில் துண்டு துண்டாகவாவது வந்து சேரும். அது போதும் அவளுக்கு.

ஐப்பசி மழை சில நாள் விட்டிருந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் போல மலை பளிச்சென்று தெரிந்தது. புல் ஆளுயரம் வளர்ந்து, நுனி பழுத்து, காற்றுக்குச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. புதர்களில் செங்காந்தள் பூத்திருந்தது.

"இந்த வாரக் கடைசிக்கு மேகமுட்டிக்குப் போகிறோம்" என்றார் கொம்பையா. மேகமுட்டி என்பது அந்த மலையின் உச்சிப் பாறை. "முதல் நாள் ஓடைக்கரை வரைக்கும் நடை. அங்கே தங்கிவிட்டு மறுநாள் உச்சி. கட்டுச்சோறு கட்டிக்கொள்ளுங்கள். விதிகள் நினைவிருக்கிறது அல்லவா?"

"இருக்கிறது, தலைவரே" என்றான் துள்ளான். "எல்லோரும் வந்து சேராமல் யாரும் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு யாரும் வீணாக உட்கார்ந்திருக்கக் கூடாது."

இரண்டு விதிகளையும் கொம்பையாவே போட்டிருந்தார். நல்ல விதிகள் என்று அவருக்கு எண்ணம்.

கொம்பையாவுக்குப் பசும்புல், துள்ளானுக்குக் கீரை, தேனப்பனுக்குச் சுட்ட நண்டு, பொறையாத்தாளுக்குக் கிழங்கு. எல்லாவற்றையும் தேக்கிலையில் பொட்டலம் கட்டினார்கள். யார் சுமப்பது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள்.

தேனப்பன் தொண்டையைச் செருமினான். "அக்காவின் முதுகைப் பாருங்கள். முள்ளுக்கு ஒரு பொட்டலமாகக் குத்தி வைத்தால் போதும். கயிறு வேண்டாம், கூடை வேண்டாம். இப்படி ஒரு முதுகு இந்தக் காட்டிலேயே வேறு யாருக்கு இருக்கிறது?"

தன் முதுகைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொல்லிப் பொறையாத்தாள் கேட்டதே இல்லை. "அதற்கென்ன, குத்துங்கள்" என்று திரும்பி நின்றாள்.

நடை தொடங்கியது. மூன்று பேரும் வீசி நடந்தார்கள். பொறையாத்தாள் பொட்டலங்கள் ஆட ஆடப் பின்னால் போனாள்.

மேட்டின்மேல் ஒரு நாவல் மரம். முன்னால் போனவர்கள் அதன் நிழலில் உட்கார்ந்தார்கள். துள்ளான் புல்லில் புரண்டான். தேனப்பன் காலை நீட்டிப் படுத்தான். கொம்பையா தன் பாட்டனார் எந்தெந்தப் பாறையில் ஏறினார் என்பதை விரிவாகச் சொன்னார். பொறையாத்தாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்து, உட்காருவதற்கு முன்னங்காலை மடக்கினாள்.

"வந்தாயிற்று. கிளம்பலாம்" என்றார் கொம்பையா.

எல்லோரும் எழுந்தார்கள். அவளும் மடக்கிய காலை நிமிர்த்திக்கொண்டாள்.

மூங்கில் புதரருகே அதேதான் நடந்தது. குகை வாயிலிலும் அதேதான். அவள் மூக்கு நிழலைத் தொடும்போது, நிழலில் இருந்தவர்கள் எழுந்து வெயிலுக்குள் போனார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் ஓடைக்கரைக்கு வந்தார்கள். அங்கே கொம்பையா ஒரு கல்லின்மேல் ஏறி நின்றார். அவர் கல்லின்மேல் ஏறினால் பேசப்போகிறார் என்று பொருள்.

"பொறையாத்தா, இன்றைக்கு உனக்காக எத்தனை இடத்தில் உட்கார்ந்தோம் தெரியுமா?"

"உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு இடுப்பே பிடித்துக்கொண்டது" என்றான் தேனப்பன்.

"அத்தை, நீங்கள் வருவதற்குள் நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டேன்" என்றான் துள்ளான். அவன் அதைக் குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னான்.

"கோபித்துக்கொள்ளாதே, அம்மா" என்றார் கொம்பையா. "நடைச் சங்கம் என்றால் நடக்க வேண்டும். நாளைக்கும் இப்படித்தான் என்றால் உன்னைச் சங்கத்தில் வைத்துக்கொள்வது கஷ்டம். நீயே யோசித்துப் பார்."

பொறையாத்தாளுக்குத் தன் வளையின் வாசல் நினைவு வந்தது. அங்கே போய்விட்டால் யாரும் அவளை வேகமாக வரச் சொல்லப்போவதில்லை. யாரும் எதுவுமே சொல்லப்போவதில்லை.

யோசிக்கச் சொன்னாரே என்று யோசித்தாள். 'துள்ளானுக்குத் தூங்க நேரம் இருந்திருக்கிறது. தேனப்பனுக்கு இடுப்புப் பிடிக்கும் அளவுக்கு உட்கார நேரம் இருந்திருக்கிறது. நான் எங்கே உட்கார்ந்தேன்?'

எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஓர் இடம்கூட நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் காலை ஏற்றம் தொடங்கியது. முன்னால் போனவர்கள், பாதி மலையில் இருந்த வேங்கை மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அதற்குச் சற்றுக் கீழே பாதை ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பும். பொறையாத்தாள் அந்தத் திருப்பத்துக்கு வந்தபோது மேலே பேச்சுக் குரல் கேட்டது. நின்றாள்.

'இன்னும் நாலடி வைத்தால் என்னைப் பார்த்துவிடுவார்கள். பார்த்தால் எழுந்துவிடுவார்கள். வைக்காவிட்டால்?'

வைக்கவில்லை. பாறைக்குப் பின்னால், பழுத்த புல்லுக்குள் புகுந்து, நான்கு காலையும் மடக்கி உட்கார்ந்தாள். முள்ளும் புல்லும் ஒரே நிறம். உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் ஒருமுறை நடுங்கி அடங்கியது. முந்தின நாளின் வலி அத்தனையும் அப்போதுதான் வந்தது, அப்போதுதான் போகவும் தொடங்கியது.

"அத்தையைக் காணோமே" என்றான் மேலே துள்ளான்.

"வருவாள். வராமல் எங்கே போவாள்? என் நண்டு அவள் முதுகில் அல்லவா இருக்கிறது" என்றான் தேனப்பன்.

"இருக்கட்டும். அவள் வரும்வரை உட்காருங்கள்" என்றார் கொம்பையா.

நல்ல யோசனை என்று பொறையாத்தாளுக்குத் தோன்றியது. கண்ணை மூடினாள்.

விழித்தபோது வெயில் இடம் மாறியிருந்தது. மேலே குரல்களும் மாறியிருந்தன.

"தலைவரே, பசி காதை அடைக்கிறது" என்றான் துள்ளான். அவனுடைய காதுக்கு அது பெரிய பசிதான்.

"நண்டு போனால் போகட்டும்" என்றான் தேனப்பன். அவன் குரலில் தேன் இல்லை. "ராத்திரி எங்கோ மேலே மழை பெய்திருக்கிறது. காலையில் ஓடையைத் தாண்டும்போது தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. யாராவது திரும்பிப் பார்த்தோமா?"

அடுத்த நொடி குளம்புச் சத்தம் தடதடவென்று பாறையைக் கடந்து கீழே ஓடியது.

"பொறையாத்தா" என்று கீழிருந்து குரல் வந்தது. அது தலைவரின் குரல், அதட்டல்.

"பொறையாத்தா." இது இன்னும் கீழே, ஓடைக்கு அருகிலிருந்து. இதில் அதட்டல் இல்லை. தண்ணீருக்குள் காலை விட்டு இறங்கித் தேடுகிறவரின் குரல்.

அவள் உடனே பதில் கொடுத்திருக்கலாம். ஆனால், அவளைப் பெயர் சொல்லித் தேட யாரும் இல்லாமல் ஒரு கோடை முழுக்கக் கழிந்திருந்தது. இன்னும் ஒரே ஒரு தரம் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள்.

"பொறையாத்தா, எங்கே இருக்கிறாய்?"

அவள் எழுந்து முட்களைச் சடசடவென்று உதறினாள். "இங்கேதான் இருக்கிறேன், தலைவரே."

கொம்பையா மேலே ஏறி வந்தார். வயிறுவரை ஈரம். ஓடிய ஓட்டத்தில் வாயில் நுரை தள்ளியிருந்தது, கால்கள் உதறின. பயந்தவனுக்கு மலை இரண்டு மடங்கு செங்குத்து என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"இங்கேயா இருந்தாய்? மேலே வந்திருக்கக் கூடாதா? வேங்கை மரம் இதோ, நாலடியில்."

"நான் வந்தால் நீங்கள் எழுந்துவிட வேண்டுமே, தலைவரே. நன்றாக உட்கார்ந்து ஓய்வெடுங்கள் என்றுதான் வரவில்லை."

அவருக்கு அது முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபடுவதற்கு மூச்சு வேண்டும். பாறை நிழலில் உட்காருவதற்கு முன்னங்காலை மடக்கினார்.

"வந்தாயிற்று அல்லவா. கிளம்பலாம்" என்றாள் பொறையாத்தாள்.

"கொஞ்சம் இரு. நான் இப்போதுதானே வந்தேன்."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. உட்காரவும் இல்லாமல் எழவும் இல்லாமல், மடக்கிய காலோடு அப்படியே நின்றார்.

பொறையாத்தாள் சற்று நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு, தான் உட்கார்ந்திருந்த இடத்திலேயே மறுபடியும் உட்கார்ந்தாள். "உட்காருங்கள், தலைவரே. எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை."

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கொம்பையா தன் பாட்டனாரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

மூச்சு அடங்கியதும் மெல்ல மேலே போனார்கள். அவர்களைக் கண்டதும் துள்ளானும் தேனப்பனும் குதித்து எழுந்தார்கள். "அப்பாடா, வந்துவிட்டார்கள். கிளம்பலாம்" என்றான் துள்ளான்.

"உட்கார்" என்றார் கொம்பையா.

"காலையிலிருந்து உட்கார்ந்துதானே இருக்கிறோம், தலைவரே. விதிப்படி..."

"விதியை மாற்றியாயிற்று. அத்தை எழுந்தால்தான் இனிமேல் கிளம்புவது." அவர் பொறையாத்தாளின் பக்கம் திரும்பினார். "நீங்கள் நிழலுக்குள் வாருங்கள், அம்மா. சாப்பாட்டை உச்சியில் பார்த்துக்கொள்ளலாம். பொட்டலத்தையெல்லாம் முதலில் இறக்குவோம்."

முட்களிலிருந்து பொட்டலங்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கொம்பையா தன்னுடையதையும் பொறையாத்தாளுடையதையும் இரண்டு கொம்பிலும் மாட்டிக்கொண்டார். துள்ளான் தன் கீரையைக் கழுத்தில் கட்டிக்கொண்டான். நண்டுப் பொட்டலம் மட்டும் தரையில் கிடந்தது.

"எனக்கு முள்ளும் இல்லை, கொம்பும் இல்லை" என்று தேனப்பன் இனிமையாகத் தொடங்கினான். "இதை நான் எப்படித்தான் சுமப்பது? அக்காவின் முதுகைப் போல..."

"வாயில் கவ்விக்கொள்" என்றார் கொம்பையா.

அன்று மேகமுட்டிக்குப் போய்ச் சேரும்வரை தேனப்பன் பேசவே இல்லை.

நீதி: பின்தங்கியவர் வந்து சேர்ந்ததும் எழுந்துவிடுகிறவர், அவருக்காகக் காத்திருந்தேன் என்று சொல்லக் கூடாது.