செண்பக மரத்தடியில் புதைத்த வாஷர்

“ஊர்ல இருக்கற எந்த வாஷரும் சேரல, சுவாமி.”

கமலவேணி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கறுப்பும் சிவப்புமாகப் புத்தம்புதிய ரப்பர் வளையங்கள்.

சுவாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அந்த மலையடிவார மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீட்சை கேட்டு வருபவர், பழுதுபட்ட பொருள் ஒன்றைத் தம் கையாலேயே சீர்செய்து முடிக்க வேண்டும். முடிக்காதவர் அடுத்த ஆண்டுத் தைப்பூசத் தீட்சை வரை காத்திருக்க வேண்டும்.

கமலவேணிக்கு வாய்த்தது பெண்கள் குளியலறையின் ஷவர் குழாய். எவ்வளவு இறுக்கி மூடினாலும் ஒழுகியது. விடிவதற்குள் தொட்டி பாதியாகிவிடும்.

நாளை தைப்பூசம்.

“கடையில என்னன்னு கேட்டீங்கம்மா?”

தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். சுவாமி அவளைவிட இளையவர். ‘அம்மா’ என்றே அழைப்பார்.

“ஷவர் குழாய்க்கு வாஷர் வேணும்னேன். எந்த மாதிரின்னார். இருக்கறதிலேயே நல்லதாக் குடுங்கன்னேன்.”

“அதுக்கு?”

“‘நல்லதுன்னு ஒரு அளவு கிடையாதும்மா’ன்னு சிரிக்கிறார், அந்தக் கடைக்கார ஜெபமணி.”

சுவாமியும் சிரித்தார். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

“பழசு எங்க?”

“புதைச்சுட்டேன். நம்ம விதிப்படி.”

கழித்த பொருளை மறுநாள் வரை வைத்திருக்கலாகாது என்பது மடத்தின் விதி. கமலவேணி அன்று மாலைவரைகூடப் பொறுக்கவில்லை. கழற்றிய கையோடு, செண்பக மரத்தடியில் குழி பறித்து மூடிவிட்டாள். பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

“புதைக்கறதுக்கு முன்னாடி அதைப் பாத்தீங்களா?”

“பாக்க என்ன இருக்கு, சுவாமி? அசிங்கமா இருந்தது.”

“அது அதோட முகம் இல்லம்மா. உங்க முகச்சுளிப்பு.”

கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தார். சுவரில் சாய்ந்திருந்த களைக்கொத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“புதைச்சதைத் தோண்டலாமா?”

“தோண்டக் கூடாதுன்னு எந்தப் பாடத்துல வருது, டீச்சர்?”

கமலவேணி தோண்டினாள்.

மண்ணோடு மண்ணாகக் கிடைத்தது. கழுவித் துடைத்து, வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

ஓரம் தட்டையாக இல்லை, உட்புறமாகச் சரிந்திருந்தது. அந்தச் சரிவு கடையில் வாங்கிய எதிலும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. ரப்பர் முழுவதும் தேயவில்லை. ஓரிடத்தில் மட்டும் ஆழமாக வெட்டுப்பட்டிருந்தது. விடைத்தாள் திருத்திய கண்கள் அந்த இடத்திலேயே நின்றன.

முந்தானையில் அதை முடிந்துகொண்டு ஊருக்குள் இறங்கினாள்.

“மறுபடியுமா, டீச்சர்?” என்றார் ஜெபமணி. “இருக்கறதிலேயே நல்லது தீந்துபோச்சே!”

அவள் பழையதைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

“அட, இந்த மாதிரியா? இப்பல்லாம் இதை யாரும் கேக்கறதில்ல. கழிச்சுப் போட்ட டப்பா ஒண்ணு கிடக்கு. தேடிப் பாக்கறீங்களா?”

தகர டப்பா மேசைமேல் கவிழ்ந்தது. கமலவேணி ஒவ்வொன்றாக எடுத்துப் பழையதோடு ஒட்டிப் பார்த்தாள். இது பெரிது. இது சிறிது. இது அளவு சரி, சரிவு இல்லை. விரல் நுனி கறுத்தது. கடைக்கு வந்தவர்கள் விலகி நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

அடியில் கிடந்த ஒன்று, விளிம்போடு விளிம்பாக ஒட்டியது.

“இதோ!”

“தங்கம் கிடைச்ச மாதிரி கத்தறீங்களே.”

“ஒரு துண்டு உப்புத்தாளும் குடுங்க.”

“அது எதுக்கு?”

“கடிச்ச பல்லு இன்னும் குழாய்க்குள்ளதான் இருக்கு.”

இருந்தது. குழாயைப் பிரித்து, வாஷர் போய் அமரும் பித்தளை விளிம்பை விரலால் வருடினாள். ஓரிடத்தில் பிசிர் சுருக்கென்று தைத்தது. எத்தனை புது வாஷர் போட்டாலும் அத்தனையையும் அது கடித்திருக்கும். விரல் தடையின்றி வழுக்கும் வரை உப்புத்தாளால் தேய்த்தாள். வாஷரைப் பொருத்தினாள். முடுக்கினாள்.

திறந்தாள். தலைமேல் நீர் கொட்டியது.

மூடினாள்.

ஷவரில் தங்கியிருந்த நீர் சொட்டியது. அதுவும் ஓய்ந்தது. கமலவேணி கையேந்தி நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

ஏந்திய கை உலர்ந்துவிட்டது.

“நின்னுடுச்சு!”

குரல் உயர்த்தாத மடம் அது. பாம்போ என்று அலறியடித்து ஓடிவந்த பெண்கள், நனைந்த புடவையும் கறுத்த விரல்களுமாகத் தலைமையாசிரியை தனியே நின்று சிரிப்பதைக் கண்டார்கள். ஆளாளுக்குத் திறந்து மூடிப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் சிரித்தார்கள்.

மறுநாள் விடியலில், தீட்சைக்கு வரிசையாக அமர்ந்தார்கள். கேட்கப்படுவது ஒரே கேள்வி. விடை எல்லோருக்கும் தெரியும்.

கமலவேணியின் முறை வந்தது.

“பழைய வாழ்க்கையை விட்டுடத் தயாராம்மா?”

‘தயார்’ என்ற சொல் அவள் நாவில் பல ஆண்டுகளாகக் காத்திருந்தது. வாய் திறந்தவள், நிறுத்தினாள்.

“இல்ல, சுவாமி. அதை நான் ஒரு தடவைகூடச் சரியாப் பாக்கலையே.”

வரிசையில் யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள்.

சுவாமி அவள் தலைமேல் கைவைத்தார்.

“தீட்சை ஆச்சு. அடுத்தவங்க வாங்க.”