சிங்காரி குத்த மறந்த ஊக்கு

ஒரு ஊர்ல ஒரு முட்டி இருந்துச்சாம். உன் முட்டிதான் நிறைமதி, சைக்கிள்லேர்ந்து விழுந்து சிராய்ச்சுக்கிட்டு வந்தியே, அதேதான். ம் கொட்டிக்கிட்டே இரு, இல்லன்னா அத்தை பாதியில மறந்துருவேன். கண்ணாடியை நெத்தியில ஏத்திக்கிட்டு வீடெல்லாம் தேடுறவ, ஞாபகத்தைப் பத்திக் கதை சொல்ல வந்துட்டேன் பாரு.

அந்தக் காயத்தோட ஓரத்துல ஒரு தோல் செல்லு, பேரு சிங்காரி. அப்பத்தான் பொறந்தவ. காயத்தை மூடணுமேன்னு அவ அம்மா சர்ர்ர்னு ரெண்டாப் பிரிஞ்சா. ஒரு பாதி சிங்காரி, மறுபாதி அவ தங்கச்சி. அப்போ அம்மா? அம்மா இல்ல, ரெண்டு பொண்ணா ஆயிட்டா. ம்.

அப்புறம், அம்மாகிட்ட ஒரு குண்டுப் புத்தகம் இருந்துச்சு. நகம், மீசை, பல்லுன்னு ஒடம்பு மொத்தத்துக்கும் அதுல செய்முறை இருக்கும். எல்லா செல்லுகிட்டயும் அதே புத்தகம்தான். வேண்டாத பக்கத்தை ரெண்டு ஓரத்துலயும் ஊக்கு குத்தி மூடிருவாங்க. இவங்களுக்குத் தோல் பக்கம் மட்டும் தொறந்திருக்கும். போறப்போ அம்மா ஒவ்வொரு பக்கத்தையும் நடுவுல கிழிச்சு ஆளுக்குப் பாதி குடுத்துட்டா. மீதிப் பாதியை இவங்களே ஒட்டி எழுதிக்கணும்.

சிங்காரி விறுவிறுன்னு எழுதி முடிச்சா. ஒரு எழுத்துப் பிழை இல்ல. "நம்மளை அடிச்சுக்க ஆளில்ல"ன்னு அவளுக்கு ஒரே பெருமை. ஆனா புதுப் பாதியில ஊக்கு குத்த மறந்துட்டா. என் வம்சம் போல.

அப்போ படபடபடன்னு பக்கம் தொறந்துக்கிச்சு. மொதல்ல நகம். சரி, நகம் வளர்க்கணும் போலன்னு நெனச்சா. அப்புறம் மீசை. அதுக்கும் சரின்னா. அப்புறம் பல்லு. முட்டியில பல்லு மொளைச்சா என்ன ஆகும், நீ முட்டி போட்டா தரையைக் கடிக்கும்.

"அக்கா, நாம யாருக்கா?"ன்னு தங்கச்சி கேட்டா.

"தெரியலடி. எழுதத் தெரிஞ்சுது, யாருன்னுதான் தெரியல."

"அம்மாவைக் கேளேன்."

"அம்மா எங்கடி இருக்கா, நாமதான் அம்மா."

மேல காயம் தொறந்தே கெடக்கு, தூசி வேற விழுது. சிங்காரிக்கு அழுகையா வந்துச்சு. புத்தகத்தை அணைச்சுக்கிட்டு உக்காந்தா.

சுருக்குன்னு என்னமோ குத்துச்சு. பாத்தா, பழைய பாதியில அம்மா குத்தின ஊக்கு. எல்லாம் அந்தந்த எடத்துலயே இருந்துச்சு. அதைப் பாத்துப் பாத்து, எதிர்ப்பக்கம் புதுசு குத்தினா. டிக், நகம் மூடிச்சு. டிக், மீசை மூடிச்சு. டிக், பல்லும் மூடிச்சு. தோல் பக்கம் மட்டும் தொறந்திருந்துச்சு.

"நாம தோலுடி"ன்னா.

அப்புறம் அவளும் சர்ர்ர்னு பிரிஞ்சா. அவ பொண்ணுங்களுக்கும் பாதி ஊக்குதான் கெடைச்சுது. அதைப் பாத்து அவங்களும் மீதியைக் குத்திக்கிட்டாங்க. ம்?

என் வளையல்ல நாலு ஊக்கு தொங்குதே, எதுக்குன்னு அன்னைக்குக் கேட்டியே. எனக்கே தெரியாதுடி. உன் அப்பாயி, அதான் என் அம்மா, அவ கையில அப்படித்தான் தொங்கும். அவ போயி அஞ்சு வருஷமாச்சு, இன்னும் தேடுது எனக்கு. எல்லாத்தையும் மறக்கறேன், இதை மட்டும் காலையில கை தானா மாட்டிக்குது.

என்னடி, ம் சத்தத்தைக் காணோம்? முட்டி மூடிக்கிச்சு, கதையும் மூடிக்கிச்சு, நீ கண்ணை மூடிக்கோ.