துண்டின் நுனியில் ஒரு முடிச்சு

இதை எனக்கு முதலில் சொன்னவர் என் நாத்தனார் ஜுலைகா பீவி. ஒரு ரமலானில், பதினாறாம் நோன்பன்று, கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டே சொன்னார். கேட்டபடி எழுதுகிறேன். கூடக்குறைய இருந்தால் அல்லாஹ் பொறுப்பானாக.

ஆற்றுக்கு இக்கரையில் ஜைனுத்தீன் ஹஜ்ரத் என்று ஒருவர் குர்ஆன் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அக்கரையில் அவருடைய காக்கா, கூடப்பிறந்த அண்ணன். தகப்பனாரான வாப்பா விட்டுப்போன வீட்டுச் சுவர் விஷயமாக இருவருக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம்.

அந்த வருஷம் காக்கா ஹஜ்ஜுக்குப் புறப்பட இருந்தார். போகிறவர் எல்லாரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தானே போக வேண்டும்? இக்கரையிலிருந்து பாய் விற்க அக்கரைக்கு வந்த சிந்தா மதார் என்பவரைப் பள்ளிவாசலில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுளூ செய்கிற ஹவுள் தொட்டிக்குப் பக்கத்தில், கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என் தம்பிக்கு என் சலாமைச் சொல்லும். அவன் பதில் வந்தால்தான் நான் நிம்மதியாப் பயணம் போவேன்."

சிந்தா மதார் மறந்துவிடக் கூடாதென்று தோள்துண்டின் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டார். ஓடம் ஏறி இக்கரை வருவதற்குள் முடிச்சு மட்டும் மிச்சம். எதற்குப் போட்டோம் என்பது போய்விட்டது.

அவர் ஹஜ்ரத்திடம் ஓதுகிறவர். ஹஜ்ரத்தைவிட ஆறு வயது மூத்தவர். எதையோ மறந்த உறுத்தலில் அன்றைக்கே போய், நம்பிக்கைக்குரிய ஆளாவதற்கு ஓதும்படி ஒரு துஆ, பிரார்த்தனை, கேட்டார். ஹஜ்ரத்தும் சொல்லிக்கொடுத்தார். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்து நின்றார்.

"ஹஜ்ரத், அதைவிடப் பெரிய துஆ இருந்தாக் கொடுங்க."

"கொடுத்ததுக்கு என்ன?"

"தினம் நூறு தடவை ஓதுறேன். ஒண்ணும் நடக்கலை. பால் வாங்கக்கூட என் வீட்டுக்காரி என்னை அனுப்ப மாட்டேங்கிறா."

"அவ விவரமானவ."

ஹஜ்ரத்துக்கு அந்த நாட்களில் எதற்கெடுத்தாலும் எரிச்சல். காக்காவுக்கு நாளை மறுநாள் பயணம். மீன்காரியிடம்கூடப் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம். தம்பிக்கு ஒரு வார்த்தை இல்லை.

"அக்கரையில என்ன சேதி?" என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எல்லாம் நல்லபடி ஹஜ்ரத். ஒன்பது பாய் வித்துச்சு."

"பாயைக் கேட்டேனா நான்?"

"கோரை விலைதான் ஏறிப்போச்சு."

"யா அல்லாஹ்!" ஹஜ்ரத் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சரி, துஆவை ஓதும். தப்பா ஓதுறீரோ என்னவோ."

சிந்தா மதார் கண்ணை மூடி ஓதினார். "இறைவா, என் நாவைப் பொய்யை விட்டுக் காப்பாயாக. என்னிடம் ஒப்படைக்கப்பட்டதை உரியவரிடம் சேர்க்க வைப்பாயாக."

ஓதும்போது துண்டு நுனியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அது என்ன முடிச்சு?"

"துஆவை மறக்கக் கூடாதுன்னு போட்டது ஹஜ்ரத்."

"எங்க வச்சுப் போட்டீர்?"

"அக்கரைப் பள்ளியில. ஹவுள் பக்கத்துல."

"நான் துஆ கொடுத்தது இங்க. முடிச்சு அங்க எப்படி விழுந்துச்சு?"

சிந்தா மதார் துண்டு நுனியைத் தூக்கிப் பார்த்தார். அப்போதுதான் நினைவு வந்தது.

"ஹஜ்ரத்..."

"சொல்லித் தொலையும்."

"உங்க காக்கா... உங்களுக்கு சலாம் சொன்னாங்க. பதில் வந்தாத்தான் நிம்மதியாப் போவேன்னாங்க. மூணு வாரம் ஆச்சு."

ஹஜ்ரத் எழுந்து நின்றார். திட்டப் போகிறார் என்று சிந்தா மதார் தலையைக் குனிந்துகொண்டார். ஹஜ்ரத் சலாமுக்குப் பதில் சொன்னார்.

"வ அலைக்க வ அலைஹிஸ்ஸலாம்."

உம்மீதும் அவர்மீதும் சலாம் உண்டாகட்டும் என்று அர்த்தம்.

"எனக்குமா ஹஜ்ரத்?"

"கொண்டு வர்றவருக்கும் சேர்த்துத்தான் பதில். மூணு வாரமா உமக்கு வர வேண்டியதையும் நீரே முடிஞ்சு வச்சிருந்திருக்கீர்."

சிந்தா மதார் முடிச்சை அவிழ்த்தார்.

"அப்போ... அந்தப் பெரிய துஆ?"

ஹஜ்ரத் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஓடத்தைக் கூப்பிடும். அக்கரைக்குப் போறோம்."

"நீங்களே வர்றீங்கன்னா, பதிலையும் நீங்களே சொல்லிடலாமே? நான் எதுக்கு?"

"காக்கா உம்ம கையில கொடுத்தார். உம்ம வாயாலதான் பதில் போகணும். நீர் முன்னாடி போய்ச் சொல்லும். நான் ஓடத்துலயே உட்கார்ந்திருப்பேன்."

"நான் மறுபடி மறந்துட்டேன்னா?"

"இருமுவேன்."

இதைக் கேட்டவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்களிடம் யாராவது இன்னொருவருக்குச் சலாம் சொல்லிவிட்டிருந்தால், இன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.