பொரி தின்னாத மீன்கள்

பொதிகை அடிவாரத்தில் ஒரு மடம். அதன் தலைவி உலகம்மை. வயது முப்பத்தைந்துக்கு மேல் இராது. அவளிடம் சீடராகச் சேர்ந்த நயினாருக்கோ பேரன் பேத்தி எடுத்த வயது. நெல் மண்டி நடத்தியவர். எதையும் மூட்டை மூட்டையாக ஏற்றியே பழக்கம். ஞானத்தையும் அப்படித்தான் ஏற்றப் பார்த்தார்.

வெளிச் சத்தம் ஆகாதென்று தன் அறையின் கதவு ஜன்னலையெல்லாம் அடைத்துக்கொண்டு பாராயணத்தில் உட்காருவார். மனம் பதியாவிட்டால் இன்னொரு பதிகம். அதுவும் பதியாவிட்டால் மேலும் ஒன்று. கடைசியில் தலைவலிதான் மிஞ்சும்.

மடத்துக் குளத்து மீன்களுக்குப் பொரி போடும் வேலையும் அவருடையது. அந்த ஐப்பசியில் மழை பெய்யவில்லை. வெறும் மூட்டம், ஓர் இலைகூட அசையவில்லை. மீன்கள் முன்போலத் தின்னவில்லை. நம் கைதான் குறைந்துவிட்டதோ என்று நயினார் இன்னும் தாராளமாக வீசினார்.

ஒருநாள் காலையில் அவர் பையும் கையுமாகக் குளக்கரைக்கு வந்தார். உலகம்மை படியில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"பையோட எங்க கெளம்பிட்டிய, அண்ணாச்சி?"

"ஊருக்குத்தான் தாயே. நீங்க சொல்லித் தந்தது ஒண்ணும் உள்ள ஏற மாட்டேங்கு. நான் லாயக்கில்லாதவன். இதுகளுக்குக் கடைசியா ஒரு கை பொரி போட்டுட்டுப் போயிருதேன்."

குளம் முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன.

"பாத்தியளா, என்னா பசி! எனக்கு இதுல பாதி பசி இருந்தாக் கூடப் போதுமே." நயினார் இரண்டு கையாலும் அள்ளி வீசினார்.

பொரி மிதந்தது. மீன்களின் உதட்டில் இடித்தது. ஒரு வாயும் அதைக் கவ்வவில்லை. முந்தைய நாட்களின் பொரி ஊறிப் புளித்த வாடை அடித்தது. ஒரு கெண்டைக் குஞ்சு மெல்ல ஒருக்களித்துச் சாய்ந்தது.

"பசியில்ல அண்ணாச்சி, மூச்சு முட்டுது! தண்ணில காத்து இல்ல." உலகம்மை சேலையோடு குளத்தில் குதித்தாள். "எறங்குங்க!"

நயினார் பையைப் போட்டார். வேட்டியை மடித்துக் கட்ட நேரமில்லை, அப்படியே விழுந்தார். அவள் இரு கைகளாலும் நீரை அடித்தாள். அவர் கரையில் கிடந்த பனைமட்டையால் அடித்தார். பிறகு ஓடிப்போய்க் கிணற்று மோட்டாரைப் போட்டு, குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். தண்ணீர் குளத்தில் மழையாய்ச் சொரிந்தது. அவள் அழுகிய பொரியைத் துண்டால் அரித்து அரித்துக் கரையில் கொட்டினாள்.

"கை ஓஞ்சிட்டு தாயே!"

"மீனு இன்னும் ஓயல, அண்ணாச்சி. பிடிங்க!"

உச்சிவேளைக்கு மலைப்பக்கமிருந்து காற்று இறங்கியது. மூட்டம் விலகி வெயில் விழுந்தது. சாய்ந்து கிடந்த குஞ்சு வாலை உதறி நிமிர்ந்தது. திறந்த வாய்கள் ஒவ்வொன்றாய் மூடி ஆழத்துக்குப் போயின. குளத்தின் மேல் ஒன்றுமில்லை.

நயினார் குழாயை விட்டுவிட்டுக் குனிந்து தண்ணீருக்குள் தேடினார். "போயிருச்சா தாயே? எல்லாம் போயிருச்சா?"

"இப்பப் போடுங்க. ஒரு சிட்டிகை போதும்."

போட்டார். தண்ணீர் கொதித்துப் பொங்கியது! ஒரு பெரிய கெண்டை எகிறி அவர் நெஞ்சிலேயே வாலால் அறைந்துவிட்டுப் பொரியோடு போயிற்று.

"தின்னுது தாயே! தின்னுது!" இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அந்தப் பெரிய மனுஷர் கூத்தாடினார். கண்ணீர் தாடியில் இறங்கியதையும் துடைக்கவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் பை ஞாபகம் வந்தது. அதைப் பார்த்தார். குருவைப் பார்த்தார்.

"தாயே, காலையில ஒண்ணு சொன்னேனே. நான் லாயக்கில்லாதவன்னு. அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்லலியே?"

உலகம்மை சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"போயி ஒங்க ரூம் ஜன்னலத் தொறந்து போடுங்க, அண்ணாச்சி."