முள்ளித்தீவின் இரண்டாம் சங்கு

சோழிமுனைத் துறையில் ஒரு கெட்ட வழக்கம் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கடல் உள்வாங்கி, முள்ளித்தீவுக்கு மணற்பாதை தெரியும். பாதை திறக்கும்போது சங்கு ஊதுவார்கள், மூடும்போது ஊதமாட்டார்கள். வேறு நேரத்தில் ஊதினவர் கையை வெட்டுவார்கள். தீவுக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பியதில்லை. "தீவுத்தாய் வச்சுக்கிட்டா" என்று சொல்லிவிட்டு ஊர் வாயை மூடிக்கொள்ளும்.

கரைக்கல்லில் மட்டும் முன்னோர் ஒரு கணக்கை வெட்டி வைத்திருந்தார்கள்: விடிந்து x நாழிகை ஆனால், பாதைமேல் நீர் x² − 9x + 14 சாண். விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் மணல் வெளியே தெரியும்.

தீவில் விளக்கேற்றி அன்றே திரும்புகிறவனுக்குத் துறைத்தலைமை என்று அரசர் அறிவித்தார்.

போகத் துணிந்த இயக்கன் அந்தக் கணக்கில் இரண்டைப் போட்டுப் பார்த்தான். 4 − 18 + 14; பூஜ்யம். "ரெண்டாம் நாழிகைல வழி திறக்குது பவளாயி, அவ்வளவுதான்" என்றான் மனைவியிடம். தலைமைக்குப் போட்டியாகக் கூடக் கிளம்பிய கொற்றன் கல்லை நெடுநேரம் பார்த்தான், விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டான்.

இரண்டாம் நாழிகையில் சங்கு ஒலித்தது. போக இரண்டு நாழிகை, வர இரண்டு நாழிகை. ஆறாம் நாழிகையில் கொற்றன் மட்டும் கரையேறினான், கடலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

"எங்க வீட்டுக்காரர் எங்கே அண்ணே?"

"காத்துல விளக்கு அணையாம காவல் இருக்கான். பாதையைப் பத்தி அவன் ஒண்ணும் கேக்கல, நானும் சொல்லல."

பவளாயி கல்லிடம் ஓடினாள். பெருக்கினால் பதினான்கு, கூட்டினால் ஒன்பது. அப்படி இரண்டு எண்கள் எவை? இரண்டு... ஏழு. ஏழு! கல்லடியில் இருந்த சங்கை எடுத்தாள்.

சங்கைக் காத்த பூசாரி பதறினார். "கை போயிடும் தாயி!"

"அங்க எண்சாண் உடம்பே போகப்போகுது சாமி!" என்றவள், அடிவயிற்றிலிருந்து ஊதினாள்.

அந்திக்குள் அரசர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சொன்னபடி திரும்பி வந்தவன் கொற்றன். விளக்கைக் காத்து நின்றவன் இயக்கன். முறையை மீறியவள் பவளாயி. இதில் யார் செய்தது சரி? சங்கு கேட்டதும் கிளம்பினால் இயக்கன் பிழைப்பானா?

விடை: x² − 9x + 14 = (x − 2)(x − 7). ஏதாவது ஓர் அடைப்புக்குள் இருப்பது பூஜ்யமானாலே பெருக்குத்தொகையும் பூஜ்யம். ஆகவே பாதை இரண்டில் திறந்து ஏழில் மூடியது. இயக்கன் முதலில் கிடைத்த விடையோடு நின்றுவிட்டான். கொற்றன் இரண்டும் தெரிந்தும் ஒன்றை விழுங்கினான். அவன் கணக்கு சரி, செயல் கொலை. பவளாயி செய்ததே சரி; அவள் கை தப்பியது. ஆறில் கிளம்பியவன் எட்டில் கரைசேரும்போது நீர் 64 − 72 + 14, ஆறு சாண். எண்சாண் உடம்பில் கழுத்தும் தலையும் மிச்சம். பவளாயி அரை நாழிகை யோசித்து நின்றிருந்தால் ஏறக்குறைய பத்துச் சாண். இப்போதெல்லாம் பாதை திறக்கும் நாளில் அந்தத் துறையில் சங்கு இரண்டு முறை ஒலிக்கிறது. இரண்டாவது, திரும்பி வர நேரம் விட்டு, ஐந்தாம் நாழிகையில். அதை ஊதுபவன் இயக்கன்.