காலி நிலம் தேடிப் போன காட்டுப்பன்றிகள்

ஆற்றுக்குக் கிழக்கே காட்டுப்பன்றிகள் இருந்தன. மேற்கே பரந்த புல்வெளியில் மான்கள் மேய்ந்தன. மான்களுக்குத் தாழை என்ற பெண்மான் தலைவி.

பன்றிகள் தங்கள் காட்டில் ஒரு கிழங்கு விடாமல் தோண்டித் தின்று தீர்த்தன. பிறகு பசி வந்தது. எலும்பும் தோலுமாக நாலைந்து பன்றிகள் ஆற்றை நீந்திக் கரையேறின. தாழைக்கு மனசு கேட்கவில்லை. கோரைக்கிழங்கு எங்கே கிடைக்கும், கோடையிலும் வற்றாத சுனை எது என்று கூடவே நடந்து காட்டினாள்.

தின்று தெம்பான பன்றிகள் ஊருக்குச் செய்தி அனுப்பின: "மேற்கே அருமையான நிலம். காலியாகக் கிடக்கிறது."

உடனே பன்றிகளின் தலைவன் கருந்தடியன் பெருங்கூட்டத்தோடு வந்து இறங்கினான்.

"காலியா? நாங்கள் இருக்கிறோமே" என்றாள் தாழை.

"இருக்கிறீர்கள். ஆனால் தோண்டவில்லையே! தோண்டாத நிலம் யாருக்கும் சொந்தமில்லை. இது கடவுள் சித்தம், அம்மா. சூரியனே தினமும் மேற்கேதான் போகிறது. நாங்களும் போகிறோம்."

மறுநாள் காலை சூரியன் கிழக்கில்தான் இருந்தது. கருந்தடியன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான்.

புல்வெளி பன்றிகள் வசம் போயிற்று. பதிலுக்கு மான்களுக்கு ஒரு மொட்டைக் குன்று கிடைத்தது.

"ஆற்றில் தண்ணீர் ஓடும்வரை இது உங்களுடையது" என்றான் கருந்தடியன். அவ்வளவு தாராள மனசு!

கொளுத்தும் வெயிலில் பன்றிகள் மான்களை நடத்திக் கூட்டிப்போயின. வழியில் பல குட்டிகள் சுருண்டு விழுந்தன. தாழையின் குட்டியும் விழுந்தது. அவள் அதை நக்கிக்கொண்டே நின்றாள். காவலுக்கு வந்த பன்றி பின்னாலிருந்து முட்டி, "நேரமாகிறது" என்றது.

மழை பெய்ததும் குன்றில் வள்ளிக்கிழங்குக் கொடி படர்ந்தது. கருந்தடியன் மூச்சிரைக்க ஏறி வந்தான்.

"நீங்கள் இன்னும் கொஞ்சம் மேற்கே தள்ளிப் போக வேண்டும்."

"ஆற்றில் தண்ணீர் ஓடுகிறதே" என்றாள் தாழை.

"நான் சொன்ன தண்ணீர் அப்போதே கடலுக்குப் போய்விட்டது. இது வேறு தண்ணீர்."

மான்கள் கடலோர மணலுக்குத் தள்ளப்பட்டன. அங்கே புல் அங்கங்கேதான் முளைத்தது. ஓரிடத்தில் நுனியை மட்டும் மேய்ந்துவிட்டு, அது தழைக்கும்வரை வேறிடம் போக வேண்டும் என்று தாழை கட்டளையிட்டாள்.

புல்வெளியில் பன்றிகள் வேரோடு கிளறிக்கொண்டே போயின. வேர் இல்லாத மண்ணைக் காற்று வாரிக்கொண்டு போனது. சுனைகள் புழுதியில் மூடின. "எதிர்பாராத இயற்கைச் சீற்றம்" என்று கருந்தடியன் அறிவித்தான்.

ஒருநாள் அவன் மெலிந்த குட்டிகளோடு கடலோரம் வந்து நின்றான்.

"இங்கே புல் இருக்கிறதே. நீங்கள் இன்னும் கொஞ்சம்..."

"அந்தப் பக்கம் கடல்" என்றாள் தாழை. அவளுக்குப் பின்னால் ஆண்மான்கள் கொம்பைத் தாழ்த்தின. "இனி நகர மாட்டோம்."

பன்றிக்குட்டிகளின் விலா எலும்புகள் அவள் கண்ணில் பட்டன. இளகிய தன் மனசின் மேல் அவளுக்கே கோபம் வந்தது.

"குட்டிகள் மட்டும் மேயட்டும். வேரைத் தொட்டால் அவையும் கிளம்ப வேண்டும்."

குட்டிகளை விட்டுவிட்டுக் கருந்தடியன் திரும்பினான். "மான்களுக்குப் பகிர்ந்து வாழவே தெரியவில்லை" என்று தன் கூட்டத்திடம் மிகவும் வருத்தப்பட்டான்.

குடியிருந்தவர்களை விரட்டிப் பிடித்த நிலத்தைத் தோண்டித் தின்னலாம். அதில் நிலைத்து வாழ முடியாது.