மடக்கி உழுத கடுகு

“மூணு வருஷமா விதைக்கிறீங்களாமே. இன்னும் எத்தனை தடவை கடுகு போட்டா இந்த மண்ணு தேறும்?” என்று கேட்டார் பொன்னுரங்கம்.

ஹமீதா செடிகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தொழிற்சாலை எத்தனை வருஷம் ஓடிச்சு, தோழரே?”

“முப்பத்தாறு.”

“அப்ப மூணைப் பெருசாச் சொல்லாதீங்க.”

அவருக்குச் சுருக்கென்றது.

வயது எழுபது. அந்தத் தோல் தொழிற்சாலை வாசலில் கொடி பிடித்து இரண்டு முறை சிறைக்குப் போனவர். கடைசியில் அதை இழுத்து மூடவைத்தவர். இரண்டு மாதமாகத்தான் ஹமீதாவிடம் மண்வேலை கற்கிறார். அவளுக்கு வயது நாற்பது.

தோல் பதனிடப் பயன்பட்ட குரோமிய நச்சு அந்த மண்ணில் ஊறிக் கிடந்தது. அதைக் கடுகு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொள்ளும். நிலம் சுத்தமானதும் தொழிலாளர் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு அங்கே பூங்கா அமைக்க ஹமீதா வரைபடம் போட்டிருந்தாள். இந்த மாத மண் சோதனையில் தேறினால் நிலம் குடியிருப்புக்கு. தேறாவிட்டால் ஏலத்துக்கு.

அவள் தாயை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். நான்கு நாள் அவள் ஊருக்குப் போகவேண்டியிருந்தது.

“செடியைத் தொடாதீங்க. வந்து பாத்துக்கலாம்.”

ஏன் என்று அவள் சொல்லவில்லை. உத்தரவு கேட்டு நடக்கும் வழக்கம் அவருக்கும் இருந்ததில்லை.

மூன்றாம் நாள் நிலம் முழுக்க மஞ்சளாகப் பூத்தது.

அவருடைய அப்பா வயலில் உரத்துக்காகச் சணப்பு விதைப்பார். பூ கண்டதும் செடியை மண்ணுக்குள் மடக்கி உழுவார். அடுத்த பயிர் மார்பளவு நிற்கும்.

பொன்னுரங்கம் டிராக்டருக்குச் சொல்லி அனுப்பினார்.

ஹமீதா திரும்பி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“செடி எங்க?”

“மண்ணுக்குள்ள. தழை உரம்! ஏம்மா, படிச்சவங்க உங்களுக்கு இது தெரியாதா?”

அவள் வரப்பில் உட்கார்ந்தாள்.

“வேரோட பிடுங்கி, சாக்குல கட்டி, நச்சுக் கழிவுக் கிடங்குக்கு அனுப்பணும் தோழரே. அது இழுத்து வச்ச விஷத்தையெல்லாம் திரும்ப மண்ணுக்கே ஊட்டிட்டீங்க.”

மேடையில் ஒரு நாளும் சொல்லுக்குத் தவித்தவர் அல்லர் அவர். இப்போது குனிந்து, மண்ணுக்குள்ளிருந்து ஒரு செடியை உருவினார்.

“சோதனைக்கு எப்ப வராங்க?” என்றார்.

“மண் சோதனை ஆபீஸ் ஆளு நாற்காலியை விட்டு எழுந்துக்க மாட்டான். மண்ணை நாமதான் எடுத்துட்டுப் போகணும். நாளைக்கு.”

பொன்னுரங்கம் கிழக்கு மூலையைப் பார்த்தார். முன்பு மேலாளரின் ரோஜாத் தோட்டம் இருந்த இடம். ஒரு சொட்டுக் கழிவும் அங்கே விழுந்ததில்லை. தொழிற்சாலைக்காரன் ஆண்டுதோறும் அங்கிருந்துதான் மண் எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தான். அதைக் கண்டுபிடித்து, ‘ரோஜா மண் மோசடி’ என்று துண்டறிக்கை அடித்து ஊரெல்லாம் கொடுத்தவர் பொன்னுரங்கம்.

“அந்த மூலையில மண்ணு நல்லாத்தான் இருக்கு,” என்றார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

ஹமீதா கோபப்படவில்லை. வெறும் பை ஒன்றைப் பிரித்து அவர் கையில் கொடுத்தாள்.

“எங்க தோண்டட்டும்?”

“ஊஞ்சல் எங்க வரணும்னு போட்டிருக்கேன்?”

“நடுவுல.”

இருவரும் நடுவுக்கு நடந்தார்கள்.

நடுநிலத்தில் உழவுசாலில் மடிந்த பூக்கள் இன்னும் வாடியிருக்கவில்லை.

“ஏம்மா, நிலம் கைவிட்டுப் போயிடுமே.”

“போயிடும்,” என்றாள் ஹமீதா. “ஆழமாத் தோண்டுங்க.”